வீட்டு ஏலத்துக்கு நாள் பார்த்த கதை

வங்கிக்காரர்கள் எங்கள் வீட்டு வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போன அன்று என் மாமியார் கேசரி கிளறினாள்.

சும்மா கேசரி இல்லை. முந்திரி வறுத்துப் போட்டு, கையில் நெய் ஒழுகும் கேசரி. தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தாள். ஏதோ விசேஷம் என்று வாங்கி வாயில் போட்டவர்கள், கதவைப் பார்த்ததும் விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் விழித்தார்கள். கடனுக்கு வீடு போகப்போகிறது என்றால் ஊர் உலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அழுவார்கள். நாங்கள் இனிப்பு கொடுத்தோம். கடன் வாங்கிக் கட்டிய வீட்டை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால் இந்தக் கேசரிக் கதையிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். எப்படிக் காப்பாற்றக் கூடாது என்பதற்கு எங்களைவிட நல்ல உதாரணம் இந்தக் கரையில் கிடையாது.

அத்தை மீன் ஏலம் விடுகிறவள். மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய குப்பம் எங்களுடையது. விடிந்ததும் படகுகள் கரை ஏறும். வலையை உதறி மீனை மணலில் குவித்ததும் அத்தை போய் அதன் பக்கத்தில் நின்றுகொள்வாள். சுற்றிலும் கூடையோடு வியாபாரிப் பெண்கள். அத்தை ஒரு விலையைச் சொல்லி ஆரம்பிப்பாள். ஒருத்தி ஏற்றுவாள், இன்னொருத்தி அதற்கு மேல் ஏற்றுவாள், அத்தை இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்து, நக்கல் செய்து, அவர்கள் மாமியார் வரைக்கும் இழுத்து, கடைசியில் யார் தலையிலாவது கட்டிவிட்டுத்தான் அடுத்த குவியலுக்குப் போவாள். நான் சிங்கப்பெருமாள் கோயில்காரி. அங்கே தொழிற்சாலைக்குப் போகிறவர்களை நம்பி என் அப்பா டிபன் கடை வைத்திருந்தார். எங்கள் கடையில் இட்லி விலை பலகையில் எழுதியிருக்கும், யாரும் அதோடு சண்டை போட மாட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த ஏலத்தைப் பார்த்து, கரையில் ஏதோ அடிதடி என்று நினைத்து வீட்டுக்குள் ஓடி வந்திருக்கிறேன்.

இந்த ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. குப்பத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் வருகிறது, அல்லது ஒருத்தியின் புருஷன் படுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவள் விலை சொன்னதும் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அத்தை இரண்டு தடவை கூவிப் பார்ப்பது போல் கூவிவிட்டு, வந்த விலைக்கே அவளுக்குக் கொடுத்துவிடுவாள். படகுக்காரர் முணுமுணுப்பார். ஆனால் நாளைக்கே அவர் வீட்டுக்கும் ஒரு கஷ்டம் வரும் என்று அவருக்கும் தெரியும். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, குப்பமே ஊமையாகிவிடும். அத்தைக்கு அதில் பெரிய பெருமை. கூவி விலையை ஏற்ற எவளுக்கும் தெரியும், நூறு பொம்பளைகளைப் பேசாமல் வைக்க யாருக்குத் தெரியும் என்பாள்.

இனி வீட்டுக்கு வருகிறேன். மனை அத்தையின் பேரில் பட்டா ஆனது. ஓலைக் குடிசையில் ஆரம்பித்து, ஓடு போட்டு, பிறகு தளம் போட்டுத் தானே கட்டிய வீடு. எந்தச் சுவர் எந்த மீன் காசில் எழும்பியது என்று சொல்வாள். சமையலறை இறால், கூடம் வஞ்சிரம், கழிவறை மட்டும் மலிவான காரப்பொடி மீன். சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து கடலைப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று மாடி கட்ட ஆசைப்பட்டது நானும் என் வீட்டுக்காரரும். அதற்கு வங்கியில் கடன் வாங்கினோம். மனை அத்தையுடையது என்பதால் அவளும் கையெழுத்துப் போட்டாள்.

முதலில் எல்லாம் ஜோராகத்தான் போனது. பிறகு படகு இன்ஜின் கயிறு சுற்றி என் வீட்டுக்காரரின் மணிக்கட்டு முறிந்தது. அந்த வருஷம் மழையும் விடாமல் அடித்ததில் மாடிக்கு ஈ காக்கை வரவில்லை. தவணை நின்றது. வங்கியிலிருந்து போன் வர ஆரம்பித்தது.

"எடுக்காத," என்றாள் அத்தை.

"எடுத்து நிலைமையைச் சொன்னா என்னா அத்தே?"

"வெலை பேசறப்போ மொதல்ல எவ வாயத் தொறக்கறாளோ அவ தோத்தா. அடிச்சிகினு கெடக்கட்டும்."

போன் அடித்துக்கொண்டு கிடந்தது. பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. இத்தனை நாளுக்குள் கட்டாவிட்டால் வீட்டை எடுத்துக்கொள்வோம் என்று ஒரு கெடு. அத்தை அதற்குக் கையெழுத்துப் போட்டு வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். கெடுவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், அவர் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "அம்மாவுக்குத் தெரியாததா?" என்பார். நல்ல மனுஷன்தான். அம்மா சொன்னால் கடல் இனிக்கும் என்று சொல்கிற ரகம். கெடு முடிகிற நேரத்தில் நான் அத்தையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அத்தே, வீடு போயிடும்."

"எங்க போவும்? காலு மொளச்சி ஓடிடுமா?"

"ஏலம் விட்டுடுவாங்க."

"உடட்டும். அதுக்குத்தான நான் காத்துகினு கீறேன்," என்றாள். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஏலத்துக்கு வந்தா யாரு கேப்பா சொல்லு? நம்ம குப்பத்துல எவளாவது என் வூட்ட கேப்பாளா? ஒருத்தரும் கேக்கலன்னா வெலை எறங்கும். எறங்கி எறங்கி ஒரு கூடை மத்தி வெலைக்கு வந்து நிக்கும். அப்போ என் தம்பி கைய தூக்குவான். அந்தத் துட்ட பேங்குக்காரன் மூஞ்சில வுட்டெறிஞ்சிட்டா கடனும் தீந்துது, வூடும் நம்மது. வருசக்கணக்கா வட்டி கட்டிகினு எவ மாரடிக்கிறது?"

சிரிக்காதீர்கள். அவள் சொன்ன வேகத்தில் எனக்கே சரி என்றுதான் பட்டது. பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள், கணக்கில் நல்ல மார்க் வாங்கியவள், அடடா, இது நமக்குத் தோன்றவில்லையே என்று உட்கார்ந்திருந்தேன். பயம் போன இடத்தில் ஒரு குதூகலம் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுவாரம் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கேசரிக்கு ரவை வறுத்துக் கொடுத்தது நான்தான்.

அதற்குப் பிறகு குப்பத்தில் திருவிழாக் களை கட்டிவிட்டது. வீட்டைக் காகிதத்தளவில் கையகப்படுத்திய விவரத்தைப் பேப்பரிலும் போட்டார்கள். கடனாளி என்று போட்டு அத்தையின் பேர், என் வீட்டுக்காரர் பேர், எந்தப் பக்கம் யார் வீடு, கிழக்கே வங்கக் கடல் என்பது வரைக்கும் கொட்டை எழுத்தில். அத்தை டீக்கடையில் அதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "இத்தினி வருசம் ஏலம் வுட்டேன், ஒரு நாளாவது எம்பேரு பேப்பர்ல வந்துகீதா?" என்று கடைக்காரரிடமிருந்து அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். கடைக்காரர் பஜ்ஜி மடிக்க வைத்திருந்த தாள் அது, எண்ணெய்க் கறையோடுதான் வந்தது.

ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. ஏலத்தன்று யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று முடிவானது. பெண்கள் எல்லோரும் வந்து உட்கார வேண்டும், ஆனால் ஒருத்தியும் பேசக் கூடாது. வங்கி மேலாளருக்கு ஒரு சால்வை. சாமியானா போடுவதா வேண்டாமா என்பதில் இரண்டு கட்சி ஆகிப் போட்டுவிடுவது என்று தீர்ந்தது. பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் வந்து விலையைக் கெடுத்துவிடுவார்களோ என்று ஒருவர் சந்தேகம் கிளப்ப, பெரியவர்கள் இரண்டு பேர் வெற்றிலை பாக்கோடு போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அவர்களும் வாய் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டார்கள். அத்தை காலண்டரைக் கிழித்துக் கிழித்து நல்ல நாள் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், அஷ்டமி நவமி வேண்டாம், வெள்ளிக்கிழமை வீட்டை வெளியே விடக் கூடாது. வங்கிக்காரர்கள் வந்தால் புதன் அல்லது வியாழன் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தாள்.

இதற்கெல்லாம் சிகரம் ஒத்திகை. ஒரு சாயங்காலம் மணலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர்தான் வங்கி மேலாளர். ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "இந்த வூடு அம்பது லட்சம், அம்பது லட்சம், கேக்கறவங்க கேக்கலாம்," என்று கூவினார். பயங்கர அமைதி. அலை மட்டும் வந்து போனது. "நாப்பது," என்றார். அமைதி. "முப்பது." அமைதி. அத்தை பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பத்துக்கு இறங்கியபோது கடைசி வரிசையில் ஒருத்தி, இவ்வளவு மலிவாகப் போகிறதே என்று தாங்க முடியாமல், "பத்தே கால்!" என்று கத்திவிட்டாள். இருபது பேர் அவள் மேல் பாய்ந்தார்கள். "அய்யோ, பழக்கதோசம்க்கா, வாய் தானா வந்துடுச்சி," என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. ஏலத்தன்று அவள் வாயில் ஒரு மிட்டாய் போட்டு உட்கார வைப்பது என்று ஏகமனதாக முடிவானது.

சாமியானாவுக்கு முன்பணம் கொடுப்பதற்குள் வங்கியிலிருந்து ஓர் இளைஞர் வீட்டைப் போட்டோ எடுக்க வந்தார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, யாராவது அடிக்க வருவார்களோ என்று வாசலிலேயே தயங்கி நின்றார். பாவம், அவர் போகிற வீடுகளிலெல்லாம் அதுதான் கிடைத்திருக்கும்.

"உள்ள வா தம்பி. நாஸ்தா துன்னியா?" என்றாள் அத்தை.

அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் கூடத்தில் உட்கார வைத்து, தட்டில் சூடாக வஞ்சிரம் வறுவல் வைத்துவிட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிற வீடுதானா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அத்தை எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஏலம் காலைல வெச்சிப்பீங்களா, சாயங்காலமா? காலைலன்னா வெயிலு ஏறும். சாயங்காலம்னா காத்து வரும். புதன்கெழமையா பாத்து வெய்யி தம்பி."

அவர் வாயில் இருந்த மீனை மெதுவாக மென்றார். "ஏலம் இங்க நடக்காதும்மா."

"பேங்குல வெச்சிப்பீங்களா? பரவால்ல. வேன் வெச்சிகினு வந்துடறோம்."

"பேங்க்லயும் இல்லம்மா. ஆன்லைன்ல நடக்கும். கம்ப்யூட்டர்ல."

"எந்த ஊரு கம்ப்யூட்டர்ல?"

"எந்த ஊர்லருந்து வேணாலும் கேட்கலாம். முன்பணம் கட்டிட்டு அவங்கவங்க வீட்லருந்தே விலை போடுவாங்க. படூர்ல இருக்கறவர் கேட்பார், கோயம்புத்தூர்ல இருக்கறவர் கேட்பார். கடல் பக்கம் வீடுன்னா நிறையப் பேர் வருவாங்க."

அத்தை தட்டில் இன்னொரு துண்டு வைக்கப் போன கையை நிறுத்தினாள்.  "அப்போ அவங்க வாய யாரு கட்றது?" என்றாள்.

அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. நான் விளக்கினேன். குப்பம், அமைதி, மத்தி விலை, அத்தையின் தம்பி, சாமியானா, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கோமாளித்தனமாகக் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, இதுக்குக் கீழ போகக் கூடாதுன்னு ஒரு விலை வச்சுத்தான் ஏலமே விடுவாங்க. சரி, உங்க கணக்குப்படியே கம்மியா போகுதுன்னு வச்சுக்குங்க. அந்தப் பணம் கடனுக்குப் பத்தலன்னா மீதியையும் நீங்கதான் கட்டணும். வீடும் போயிடும், கடனும் நிக்கும். விலை கம்மியா போனா முதல்ல அடி உங்களுக்குத்தான்."

 இத்தனை நாளாக நாங்கள் எங்கள் குழியை நாங்களே வெட்டி, அதற்குச் சாமியானா போட நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்துவிட்டார். 

"இன்னும் ஏலத் தேதி போடல," என்றார் அவர். "போட்டப்புறம் ரொம்பக் கஷ்டம். அதுக்கு முன்னாடி வந்து மேனேஜர் மேடத்தைப் பாருங்க. எத்தனை தடவை போன் பண்ணோம், ஒரு தடவை எடுத்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது. நின்ன தவணைல ஒரு பகுதியைக் கொண்டு வந்து கட்டுங்க. கை உடைஞ்ச ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் எடுத்துட்டு வாங்க. மாசத் தவணையைக் குறைச்சு, வருஷத்தைக் கூட்டிக் கேளுங்க. அதுவும் முடியாதுன்னா நீங்களே நல்ல விலைக்கு வித்து, கடனை அடைச்சுட்டு மிச்சத்தை எடுத்துக்கலாம். எது வேணாலும் பண்ணுங்க, பேசாம மட்டும் இருக்காதீங்க."

பேசாமல் இருப்பதில் எங்களை மிஞ்ச ஆளே இல்லை என்று நினைத்திருந்தோம். அவர் போன பிறகு அத்தை கூடத்துச் சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நின்றாள். "கோயம்புத்தூர்க்காரன் ஏசி போட்டுகினு உக்காந்து என் வூட்ட கேப்பானா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்று அவள் சாப்பிடவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது, அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலையில் அத்தையின் தம்பி வந்தார். மத்தி விலைக்கு வீடு எடுக்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தை அப்படியே மஞ்சள் பையோடு அக்காவிடம் கொடுத்தார். "நீ வுட்ட ஏலத்துல நான் என்னிக்கி ஏமாந்தேன்? இத வெச்சிகினு போ," என்றார். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு பஸ் ஏறினோம். அத்தை ஜன்னலோரம், மடியில் பை. என் வீட்டுக்காரர் மடியில் கட்டுப்போட்ட கை. என் மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள்.  திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அத்தை திடீரென்று, "அந்தம்மாகிட்ட நான்தான் பேசுவேன். நீங்க ரெண்டு பேரும் மூடிகினு இருக்கணும்," என்றாள். எனக்குப் பாதி உயிர் வந்தது.

வங்கி மேலாளர் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. எங்களைப் பார்த்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலிகளைக் காட்டி, "ஒரு வழியா வந்தீங்களே," என்றார். பையில் இருந்ததைக் கவுண்டரில் கட்டச் சொல்லி ரசீது வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பார்த்தார். என் வீட்டுக்காரரின் கை எப்போது சரியாகும் என்று கேட்டார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, "இனிமே மாசம் எவ்வளவு கட்ட முடியும்? நிச்சயமா முடியறதை மட்டும் சொல்லுங்க. அதை வச்சு நான் மேல எழுதறேன்," என்றார்.

அத்தை முதுகை நிமிர்த்தினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இத்தனை வருஷம் மற்றவர்களைக் கேட்க வைத்தவள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஏலம் கேட்கப்போகிறாள் என்று எனக்குச் சட்டென்று உறைத்தது.

"எட்டு ரூவா," என்றாள். எட்டாயிரம் என்று அர்த்தம். பழைய தவணை அதைவிட நிறைய.

மேலாளர் எதையோ தட்டினார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் இல்லை.

அத்தைக்கு அந்த அமைதி தெரியும். விலை ஏறட்டும் என்று அவளே எத்தனையோ பேருக்கு எதிராக வைத்த அமைதி. "ஒம்போது," என்றாள். "என் மருமவ ரிசார்ட்டுக்கு வேலைக்குப் போவா."

எனக்கு வேலை கிடைத்த செய்தி எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மேலாளர் பேசவில்லை. புருவத்தைச் சுருக்கித் திரையைப் பார்த்தார்.

"பத்து. இவன் கை நேராவற வரைக்கும் குந்திகினே வலை பழுது பாப்பான். ஒரு கை போதும்."

என் வீட்டுக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். நான் அத்தையின் முழங்கையைப் பிடித்தேன். அவள் உதறினாள். மேலாளர் எதையோ மறுபடியும் தட்டி, உதட்டைப் பிதுக்கினார்.

அத்தையின் குரல் இறங்கிவிட்டது. "பதினொண்ணு," என்றாள். "கீழ் வூட்ட வாடகைக்கு வுட்டுர்றேன். கடல்ல பலகை வெச்சிகினு சறுக்கறானுங்களே, அந்தப் பசங்க கேட்டுகினே இருந்தானுங்க. நான் காலியா கெடக்கற மாடிக்குப் போயி இவங்களோட ஒரு மூலைல படுத்துக்கறேன். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல தாயி."

 அந்தக் கீழ் வீட்டில் தன் கட்டிலை யாராவது ஒரு விரற்கடை நகர்த்தினால்கூட ஊரைக் கூட்டுகிறவள் அவள்.

மேலாளர் இப்போதுதான் திரும்பினார். "சாரிம்மா, சிஸ்டம் நின்னுடுச்சு. காலைலருந்து இதே பேஜார். எட்டுன்னு சொன்னீங்க இல்ல? எட்டுக்கே வருது. வருஷம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பின்னாடி ஏதோ சொன்னீங்களே, என்ன?"

என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். நான் நாற்காலியில் சரிந்தேன். எதிரில் ஆளே இல்லாமல், நின்றுபோன ஒரு கம்ப்யூட்டரோடு போட்டி போட்டு அத்தை மூன்றாயிரம் ஏற்றியிருக்கிறாள். எனக்கு உள்ளிருந்து சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. "எட்டே போதும் மேடம்," என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பதினொண்ணுன்னு போடு," என்றாள் அத்தை.

"வேணாம்மா. கஷ்டப்படுவீங்க. எட்டே..."

"கேட்டது கேட்டதுதான். கேட்டுட்டு பின்வாங்கறவ மூஞ்சில எங்க கரைல யாரும் முழிக்க மாட்டாங்க."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அத்தையைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "எட்டுன்னுதான் எழுதுவேன். ஒரு மாசம் கையில இல்லன்னா நீங்க மறுபடி மாட்டிக்கக் கூடாது. அதுக்கு மேல கட்டணும்னா தாராளமா கட்டுங்க, கடன் சீக்கிரம் முடியும். கீழ் வீட்டை வாடகைக்கு விடறதுன்னா எங்ககிட்ட ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துட்டுச் செய்யுங்க. போன் வந்தா எடுங்க." கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். அத்தை காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மேலிடத்துச் சம்மதம் வரச் சில வாரம் ஆனது. வந்தது. ஏலம் நின்றது.

அன்று வங்கிப் படியிறங்கி பஸ் நிலையம் வரைக்கும் எனக்குத் தாங்கவில்லை. பிழைத்தோம் என்ற சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது. ஆனால் அந்த மூன்றாயிரம் மட்டும் உறுத்தியது.

"அத்தே, அந்தம்மாவே எட்டு போதும்னாங்க. போட்டிக்கு ஒரு ஆளும் இல்ல. எதுக்கு நாமளே விலையை ஏத்திக்கணும்?"

அத்தை நடப்பதை நிறுத்தினாள். வெயிலில் அவள் முகம் வேர்த்திருந்தது.

"இத்தினி நாளா நான் இன்னா பண்ணிகினு இருந்தேன்? என் வூடு மத்தி வெலைக்குப் போவணும்னு குப்பத்தயே கூட்டி வெச்சி வேண்டிகினு இருந்தேன். வூட்ட கட்னவளே மட்டமா கேட்டா அத வேற எவன் மதிப்பான்?"

அதற்கு மேல் நான் பேரம் பேசவில்லை. ரிசார்ட்டில் போய் என்ன வேலை கேட்பது என்று யோசித்துக்கொண்டே அவள் பின்னால் பஸ் ஏறினேன்.